எண்ணப்படாத மோதல்கள்

1905-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கால்பந்து அணியோடு இரண்டு மருத்துவர்கள் இருந்தனர். எட்வர்ட் நிக்கல்ஸ், ஹோமர் ஸ்மித் என்பன அவர்கள் பெயர்கள். அந்தப் பருவம் முழுவதும் அதுவரை எவரும் பொறுமையாகச் செய்திராத ஒரு காரியத்தை அவர்கள் செய்தனர். எண்ணினர். எத்தனை எலும்புகள் முறிந்தன, எத்தனை மூட்டுகள் பிசகின, எத்தனை பேர் தலையில் அடிபட்டு நினைவு தடுமாறினர் என்று ஒவ்வொன்றாய்க் குறித்துவைத்து, 1906 ஜனவரியில் பாஸ்டனின் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டனர். இன்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்று உலகமறிந்த இதழின் முந்தைய வடிவம் அது. மூளையதிர்ச்சி நேராத ஆட்டங்கள் அந்தப் பருவம் முழுவதிலும் இரண்டே இரண்டுதான் என்று அதில் எழுதினர். அதைவிட நம்மை உறுத்துவது அவர்கள் போகிறபோக்கில் சேர்த்திருக்கும் இன்னொரு குறிப்பு: ஆட்டக்காரர்கள் மூளையதிர்ச்சியை அற்பக் காயமாகவே கருதினர், அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தனர்.

நூற்றிருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. 'அவர்களுக்கு அன்று தெரியாது' என்று பழங்காலத்தவரை மன்னிப்பது நமக்கு எளிது. தெரிந்திருந்தது என்பதற்கு அந்தக் கட்டுரையே சாட்சி.

அமெரிக்கக் கால்பந்து என்ற பெயர் நம்மவரைக் குழப்பக்கூடியது. காலால் உதைப்பது அதில் அபூர்வம். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை எதிரணியினர் பாய்ந்து பிடித்துத் தரையில் வீழ்த்துவதே ஆட்டத்தின் உயிர். இந்த வீழ்த்தலை டாக்கிள் என்பர். சடுகுடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முற்றிலும் அந்நியமன்று. ஆனால் சடுகுடுவில் இல்லாத ஒன்று இங்குண்டு. இரு வரிசைகள் எதிரெதிராய்க் குனிந்து நின்று, பந்து அசைந்த கணத்தில் ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன. பந்தைத் தொடாமலேயே ஆட்டக்காலம் முழுவதையும் கழிக்கும் வீரர்கள் உண்டு. மோதுவது மட்டுமே அவர்கள் பணி. பார்வையாளர் கண் பந்தின் பின்னால் ஓடுவதால் அந்த மோதல்களை எவரும் கவனிப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஆட்டம் ஏறத்தாழப் போர்ப்பயிற்சியாகவே இருந்தது. 1892-இல் யேல் அணிக்கெதிராக ஹார்வர்ட் அணி 'பறக்கும் ஆப்பு' என்ற வியூகத்தை இறக்கியது. வீரர்கள் தொலைவிலிருந்து ஓடிவந்து V வடிவில் திரண்டு ஒற்றை எதிராளியைத் தாக்கும் உத்தி அது. அதை வகுத்த லோரின் டீலண்ட் கால்பந்து வீரரல்லர், சதுரங்கப் பிரியர். பலகையில் காய் வெட்டுண்டால் வலிக்காது என்பதை அவர் யோசித்தாரா என்று தெரிந்துகொள்ள நமக்கு ஆசைதான். இரண்டே ஆண்டுகளில் அந்த வியூகம் தடைசெய்யப்பட்டது.

1905 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆட்டத்தை ஒழிக்க அவர் எண்ணவில்லை. அவருடைய மகனே அவ்வாண்டு ஹார்வர்டின் முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தான். ஒழித்துவிட வேண்டும் என்று சொன்னவர் ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட். பருவம் முடிந்தபோது 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழ் இறந்தோர் தொகையைப் பதினெட்டு என்று கணக்கிட்டது. அவர்களில் கல்லூரி வீரர்கள் மூவர் மட்டுமே. மற்றவரில் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர்கள். ஆனால் வெள்ளை மாளிகைக் கூட்டத்துக்குப் பள்ளிகளிலிருந்து எவரும் அழைக்கப்படவில்லை. இந்த வரலாற்றில் சிறுவர்கள் மரணப்பட்டியலில் முதலிலும் ஆலோசனை மேசையில் கடைசியிலும் இடம்பெறுவது இதுவே கடைசித் தடவை அன்று.

1906-இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம் என்றானது. வரிசைகளுக்கிடையே இடைவெளி விடப்பட்டது. நெருக்கியடித்து மோதும் குவியல்கள் கலைந்து ஆட்டம் வெட்டவெளிக்கு வந்தது. 1909-இல் மீண்டும் சாவுகள் பெருகவே விதிகள் இன்னொரு முறை திருத்தப்பட்டன. ஆட்டம் பிழைத்தது. கண்ணுக்குத் தெரிந்த சாவைக் குறைத்தாகிவிட்டது என்ற ஆறுதலில், நிக்கல்ஸும் ஸ்மித்தும் எண்ணிவைத்த மூளையதிர்ச்சிகளை எல்லோரும் மறந்தனர்.

1928 அக்டோபரில் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற நோய்க்குறியியலாளர் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் பணியாற்றியவர் அவர். கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசிய தொழிற்சாலைப் பெண்கள் எதனால் செத்துக்கொண்டிருந்தனர் என்று நிரூபித்த அதே மார்ட்லண்ட்தான். குத்துச்சண்டை அரங்குகளைச் சுற்றியிருந்தவர்கள் நெடுங்காலமாகக் கேலியாக வழங்கிவந்த 'குத்து போதை' என்ற சொல்லை அவர் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, பின்னர் அறிவு மங்குதல். ஆண்டுக்கணக்கில் தலையில் வாங்கிய குத்துகளின் பலன் இது என்றார். பின்னால் வந்தவர்கள் அதற்குக் கனமான பெயர்களைச் சூட்டினர். 1973-இல் இங்கிலாந்தில் கோர்செல்லிஸ் என்பவரும் அவர் தோழர்களும் பதினைந்து குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை அறுத்து ஆராய்ந்து சிதைவின் உருவத்தையே காட்டினர். ஆயினும் இந்த அறிவு குத்துச்சண்டை என்ற வேலிக்குள்ளேயே நின்றுபோயிற்று. தலைக்கு அடி எங்கிருந்து வந்தாலும் அடிதான் என்ற எளிய உண்மை வேலி தாண்ட முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

மார்ட்லண்டின் கட்டுரை வெளியான மறு ஆண்டில், நெவார்க்கிலிருந்து நூறு மைலுக்கும் குறைவான தொலைவிலுள்ள பிலடெல்பியாவில், சிறுவர் கால்பந்து அமைப்பொன்று பிறந்தது. அதன் தோற்றக்கதை நம் ஊரிலும் நடந்திருக்கக்கூடியது. புதிய தொழிற்சாலை ஒன்றின் கண்ணாடிச் சன்னல்களைப் பக்கத்துக் காலி மனையில் சுற்றித் திரிந்த விடலைகள் கல்லெறிந்து உடைத்தவண்ணம் இருந்தனர். சலித்துப்போன உரிமையாளர் ஜோசப் டாம்லின் என்ற இளைஞரிடம் வழி கேட்டார். பையன்களுக்கு ஒழுங்கான விளையாட்டைக் கொடுங்கள், கல் தானாகவே கீழே விழும் என்றார் டாம்லின். இவ்வாறு நான்கு அணிகளோடு தொடங்கிய அமைப்புக்கு, 1934-இல் புகழ்பெற்ற பயிற்சியாளர் பாப் வார்னரின் பெயர் சூட்டப்பட்டது. செவ்விந்தியச் சிறுவர்களுக்கான கார்லைல் உறைவிடப் பள்ளி அணியை நாடறியச் செய்தவர் வார்னர். அதே கார்லைலில் 1914-இல் காங்கிரஸ் குழு விசாரணை நடத்தியபோது அவருடைய கடுமையையும் கடுஞ்சொற்களையும் பற்றி அவர் பயிற்றுவித்த மாணவர்களே புகார் கூறினர் என்பதையும் வரலாறு வைத்திருக்கிறது.

டாம்லினைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தெருவில் நின்ற பையனுக்குச் சீருடையும் தோழமையும் சனிக்கிழமைக் காலையில் கைதட்டும் ஓர் ஊரும் கிடைத்தன. எளிய குடும்பங்களுக்கு அது பெரிய கொடை. அந்தக் கொடையோடு மோதலும் சேர்ந்தே வந்தது.

அடுத்துத் தலைக்கவசத்தின் கதை. 1893-இல் ஜோசப் ரீவ்ஸ் என்ற கடற்படை மாணவரிடம், தலையில் இன்னோர் உதை விழுந்தால் பித்துப் பிடிக்கலாம் அல்லது உயிர் போகலாம் என்று மருத்துவர் எச்சரித்தாராம். ரீவ்ஸ் ஆட்டத்தை விடவில்லை. அன்னாபொலிஸ் நகரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தலைக்கு உறை தைத்து வாங்கிக்கொண்டு களமிறங்கினார் என்று சொல்லப்படுகிறது. பின்னாளில் அவர் அமெரிக்கக் கடற்படையின் பெருந்தளபதியானார். ஆபத்தென்று தெரிந்தால் விலகுவதில்லை, ஓர் உறையைத் தைத்துக்கொண்டு தொடர்வது. அடுத்த நூறாண்டுக்கான வழக்கம் அந்தச் செருப்புக் கடையில் தொடங்கியதாக நமக்குத் தோன்றுகிறது.

1939-இல் ரிட்டெல் நிறுவனம் பிளாஸ்டிக் தலைக்கவசத்தைக் கொண்டுவந்தது. ஐம்பதுகளில் முகக்கம்பியும் பரவலாயிற்று. விளைவு எவரும் எதிர்பாராதது. தோல் உறை அணிந்தவன் தன் தலையைக் காத்துக்கொண்டான். கெட்டி ஓடு அணிந்தவன் தலையையே ஈட்டியாக்கினான். முகமும் மூக்கும் பத்திரமாக இருப்பதால், தலையைத் தாழ்த்தி எதிராளியின் மார்பில் குத்தும்படி பயிற்சியாளர்களே கற்பித்தனர். 1968-ஆம் ஆண்டில் மட்டும் எல்லா நிலைகளிலுமாக 36 பேர் ஆட்டத்தில் நேரடியாக அடிபட்டு இறந்தனர். மீண்டும் நெருக்கடி, மீண்டும் சீர்திருத்தம். தலைக்கவசங்களுக்குத் தரம் வகுக்கப்பட்டது. 1976-இல் தலையால் முதலில் மோதுவது விதிப்படி குற்றமாயிற்று. பலன் மெய்யாகவே பெரிது: 1931-இல் கணக்கெடுப்பு தொடங்கிய பின் நேரடிச் சாவு ஒன்றுகூட இல்லாத முதல் ஆண்டாக 1990 அமைந்தது. இதைச் சாதித்தவர்களுக்கு உரிய பெருமையைக் கொடுத்தே தீரவேண்டும்.

அந்தத் தரம் எதைத் தடுக்கவென்று வகுக்கப்பட்டது? மண்டையோடு பிளப்பதையும், மூளைக்குள் குருதி கசிந்து உயிர் போவதையும். மண்டைக்குள் மூளை நீரில் மிதக்கும் கெட்டித் தயிர்போல இருக்கிறது. ஓடும் தலை சட்டென்று நின்றால் ஓடு நிற்கும், உள்ளிருப்பது நிற்காது. குலுங்கும், முறுகும், நுண்ணிய நரம்பிழைகள் இழுபடும். வெளியே எத்தனை அடுக்கு கவசம் போட்டாலும் உள்ளே நிகழும் இந்த அசைவை அது முழுதாய் நிறுத்தாது. சிறுவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் தலை ஏறக்குறைய வளர்ந்தவர் தலையின் அளவை எட்டியிருக்கும். கழுத்தோ மெலிந்த தண்டு. அதன்மேல் கவசத்தின் கனம் வேறு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை ஒரு தட்டுத் தட்டினால் உடல் நிற்கத் தலைமட்டும் ஆடுமே, அதுதான். நரம்பிழைகளைச் சுற்றிய கொழுப்புறையும் அவ்வயதில் முழுமை பெற்றிருப்பதில்லை.

குத்துச்சண்டையின் வேலியைத் தாண்டியவர் நைஜீரியாவிலிருந்து வந்து பிட்ஸ்பர்க் பிணக்கூடத்தில் பணியாற்றிய பென்னட் ஒமாலு. பதினேழு பருவங்கள் தொழில்முறையில் ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002 செப்டம்பரில், ஐம்பதாம் வயதில் இறந்தார். அணியின் நடுவில் நின்று ஒவ்வொரு முறையும் மோதலோடு ஆட்டத்தைத் தொடங்கிவைப்பது அவர் பணி. கடைசி ஆண்டுகளில் நினைவும் நிதானமும் சிதைந்து வண்டியில் படுத்துறங்கும் நிலைக்கு வந்திருந்தார். அவருடைய மூளை பார்வைக்கு இயல்பாகவே இருந்தது. நுண்ணோக்கியில்தான் டௌ என்னும் புரதம் முடிச்சு முடிச்சாய்ப் படிந்திருந்தது தெரிந்தது. 2005-இல் ஒமாலு அதை வெளியிட்டார். நாட்பட்ட அதிர்ச்சிசார் மூளைச் சிதைவு என்ற சி.டி.ஈ. நோய் கால்பந்து வீரரிடம் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

தொழில்முறைச் சங்கமான என்.எஃப்.எல். 1994-இல் நிறுவியிருந்த மருத்துவக் குழு கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு கோரியது. அக்குழுவின் தலைவராயிருந்தவர் மூட்டுவாத மருத்துவர். இவை பலரும் அறிந்த செய்திகள், திரைப்படமாகவும் வந்துவிட்டன. குறைவாகப் பேசப்படுவது அக்குழு அதே 2005-இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை. மூளையதிர்ச்சி அடைந்த வீரர் அதே ஆட்டத்தில் திரும்ப இறங்குவதால் பெரிய ஆபத்தில்லை என்றது அது. அதோடு நில்லாமல், கல்லூரி, உயர்நிலைப் பள்ளி வீரர்களுக்கும் அதே நாளில் திரும்புவது பாதுகாப்பாக இருக்கலாம் என்றும் எழுதியது. ஊதியம் பெறும் வளர்ந்தவர்களைப் பார்த்து எழுதிய முடிவை பதினைந்து வயதுப் பையன்மேல் போர்த்த அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

மறு ஆண்டு அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஆட்டத்தின் முற்பாதியில் தலையில் அடிபட்டு, பிற்பாதியில் மீண்டும் இறங்கி ஆடி, முடிவில் மைதானத்திலேயே சரிந்தான். உயிர் பிழைத்தான், நடக்கவும் பேசவும் மறுபடி கற்கவேண்டியதாயிற்று. அவன் குடும்பப்பெயரால் லிஸ்டெட் சட்டம் என்றழைக்கப்படும் சட்டம் 2009-இல் அம்மாநிலத்தில் நிறைவேறியது. மூளையதிர்ச்சி என்று ஐயம் எழுந்தாலே பிள்ளையை வெளியேற்றவேண்டும், மருத்துவ அனுமதியின்றித் திரும்பக்கூடாது என்பது அதன் சாரம். 2014-க்குள் ஐம்பது மாநிலங்களும் இத்தகைய சட்டத்தை ஏற்றன. நிக்கல்ஸும் ஸ்மித்தும் கண்டு வருந்திய அந்தச் சிரிப்புக்கு நூறாண்டு கழித்துச் சட்டம் பதில் சொல்லிற்று எனலாம்.

ஆனால் சட்டம் பிறந்த அதே ஆண்டில், இந்தியானா மாநிலத்தில், பர்டூ பல்கலைக்கழகத்தார் ஓர் உயர்நிலைப் பள்ளி அணியின் தலைக்கவசங்களில் உணரிகளைப் பொருத்தி, பருவத்துக்கு முன்னும் இடையிலும் மாணவர்களின் மூளையைப் படமெடுத்தனர். மூளையதிர்ச்சி அடைந்தவர்களை அடையாதவர்களோடு ஒப்பிடுவதே திட்டம். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த மாணவர்களிலேயே சிலருடைய மூளைச் செயற்பாடு மாறியிருந்தது. அவர்கள் மயங்கவில்லை, தலை சுற்றவில்லை, எவரும் அவர்களை வெளியேற்றவில்லை. சிறிய மோதல்களை மட்டும் நூற்றுக்கணக்கில் வாங்கியிருந்தனர். பெரிய அடியைத் தேடிப் போனவர்கள் சின்ன அடிகளைக் கண்டுபிடித்தனர். பென்சில்வேனியா பல்கலைக்கழக அணியில் ஆடிய 21 வயது இளைஞர் ஒருவர் 2010-இல் இறந்தபோது அவர் மூளையில் சி.டி.ஈ.-யின் தொடக்கநிலை காணப்பட்டது. அவருக்கு ஒருமுறைகூட மூளையதிர்ச்சி கண்டறியப்பட்டதில்லை. ஒன்பது வயதிலிருந்து ஆடியவர் அவர்.

இன்னும் சிறியவர்களை யாரும் எண்ணியிருக்கவில்லை. 2011-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் டூமாவும் அவர் குழுவினரும் ஏழு, எட்டு வயதுச் சிறுவர்கள் ஏழு பேரின் கவசத்துக்குள் உணரிகளை வைத்தனர். குட்டிப் பையன்கள், அவ்வளவு வேகம் ஏது, பஞ்சு மோதுவதுபோல இருக்கும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. ஒரு பருவத்தில் பதிவான மோதல்கள் 748. ஆளுக்குச் சராசரி 107. பெரும்பாலானவை மென்மையானவையே. ஆனால் ஆறு மோதல்கள் புவியீர்ப்பின் 80 மடங்கைத் தாண்டின. வளர்ந்தவர்களின் ஆட்டத்திலேயே பலத்தவை என்று கருதப்படும் அளவு அது. அந்த ஆறும் எங்கே நேர்ந்தன? போட்டியில் ஒன்றுமில்லை. ஆறும் பயிற்சியில்.

நாம் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். பயிற்சி என்பது எதிரியற்ற களம். அங்கே வெற்றியுமில்லை தோல்வியுமில்லை. 'ஓக்லஹோமா' என்ற பயிற்சி பல தலைமுறைகளாக வழங்கிவந்தது: இரண்டு பையன்களை எதிரெதிரே நிறுத்தி, மற்றவர் சுற்றிநின்று கூவ, ஊதல் கேட்டதும் முட்டச் செய்வது. யார் பின்வாங்குகிறான் என்று பார்ப்பதற்கான சடங்கு. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரியவர்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அந்த ஆறும் நேர்ந்திரா. இதைப் பாப் வார்னர் அமைப்பும் உணர்ந்தது. 2012-இல், மூன்று கஜத்துக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து நேருக்கு நேர் ஓடி முட்டும் பயிற்சிகளைத் தடைசெய்து, மோதலுள்ள பயிற்சியை மொத்த நேரத்தில் மூன்றிலொரு பங்காகக் குறைத்தது. எண்ணத் தொடங்கிய ஓராண்டுக்குள் விதி மாறிற்று. எண்ணாதிருந்த ஆண்டுகள் எண்பத்திரண்டு.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மக்கீ குழுவினரின் ஆய்வுகள் இதன்பின் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 2017-இல் அவர்கள் ஆராய்ந்த 202 கால்பந்து வீரர்களின் மூளைகளில் 177-இல் சி.டி.ஈ. இருந்தது, உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்தியவர்களில் பதினால்வரில் மூவருக்கு. 2023-இல், முப்பது வயதுக்கு முன் இறந்த 152 மோதல் விளையாட்டு வீரர்களில் 63 பேருக்கு. இவ்வெண்களை அப்படியே ஊர் முழுதுக்கும் விரித்துவிடக் கூடாது. ஏதோ சரியில்லை என்று கண்ட குடும்பங்களே மூளையைத் தானமளிக்க முன்வருகின்றன. ஆய்வாளர்களே இதைச் சொல்லித்தான் வெளியிட்டனர். மறுபக்கத்தில், 1957-இல் விஸ்கான்சினில் பள்ளி முடித்த ஆண்களைத் தொடர்ந்து பின்பற்றிய 2017-ஆம் ஆண்டு ஆய்வு, பள்ளியில் கால்பந்து ஆடியவர்கள் அறுபத்தைந்து வயதில் ஆடாதவர்களைவிட மோசமாக இல்லை என்று கண்டது. ஆண்டு கூடக்கூட, மோதலின் கூட்டுத்தொகை ஏற ஏற, ஆபத்தும் ஏறுகிறது என்பதே இந்த ஆய்வுகளிலிருந்து தெளிவாகக் கிடைப்பது. எனில் தொகையைக் குறைக்க மிக எளிய வழி தாமதமாகத் தொடங்குவது. நரம்பறுவை மருத்துவர் ராபர்ட் கான்டூ பதினான்கு வயதுக்கு முன் டாக்கிள் வேண்டாம் என்று 2012-இலேயே எழுதினார். இடுப்பில் தொங்கும் பட்டியை உருவினால் வீழ்த்தியதாகக் கொள்ளும் 'கொடிக் கால்பந்து' கைவசம் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிலும் அதற்கு இடம் கிடைத்துவிட்டது.

2018-இல் கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய் முதலிய மாநிலங்களில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு டாக்கிளைத் தடைசெய்யும் மசோதாக்கள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. கலிபோர்னியா மட்டும் 2019-இல், சிறுவர் அணிகள் முழுமோதல் பயிற்சியை வாரம் இருமுறைக்கு மேல் நடத்தக்கூடாது என்று சட்டமியற்றியது. அங்கே 2024 ஜனவரியில் தடை மசோதா மறுபடி குழுவின் முன் வந்தது. சிலநாள் கழித்து ஆளுநர் நியூசம், இது பெற்றோர் முடிவெடுக்க வேண்டிய விஷயம், சட்டம் வந்தால் கையெழுத்திடமாட்டேன் என்று அறிவித்தார். மசோதா அத்துடன் படுத்துவிட்டது.

சாக்ரமென்டோ நகரில் நடந்த அந்தக் குழுக்கூட்டத்துக்குப் பெற்றோரும் பயிற்சியாளர்களும் திரண்டு வந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். கூடவே, அணிகளின் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு சிறுவர்கள் பலரும் வந்திருந்தனர். 1905-இல் அழைக்கப்படாதவர்கள் இம்முறை அறைக்குள் இருந்தார்கள். தங்களை ஆடவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.